பழைய துப்பாக்கியும் புதுத் தோட்டாவும்

என் பணப்பையில் இப்போது ஒரு வேட்டை உரிமம் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலம் கொடுத்தது. நான் இதுவரை கொசு, கரப்பான் தவிர வேறெதையும் கொன்றதில்லை. இனிமேல் கொல்லும் எண்ணமும் இல்லை. "பிறகு எதுக்குடா அந்த லைசென்சு?" என்று அம்மா வீடியோ காலில் கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கே குழப்பமாகிவிட்டது. அந்தக் குழப்பத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இயந்திரப் பொறியியல் மாணவன். முதல் இரண்டு வருஷப் படிப்பு நம் நாட்டில், மீதி இரண்டு வருஷம் இங்கே. ஒரு வயதான பெரியவரின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். டிராக்டர் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை. 'அங்கிள்' என்றே கூப்பிட்டேன். முதலில் சிரித்தார், இப்போது பழகிவிட்டது.

போன ஆகஸ்டு மாதம் அவர் என்னைப் பக்கத்து ஊரில் நடந்த துப்பாக்கிச் சந்தைக்கு அழைத்துப் போனார். பெரிய மண்டபம், நூற்றுக்கணக்கான மேசைகள். நம் ஊர் பாசார் மாலாமில் சட்டையும் செருப்பும் அடுக்கியிருப்பது போல் துப்பாக்கிகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு மேசைக்குப் பின்னால் ஒரு பாட்டி பின்னல் வேலை செய்துகொண்டே வியாபாரம் பார்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, ரோத்தானும் உண்டு. துப்பாக்கி என்றாலே போலீஸ், இல்லாவிட்டால் கொள்ளைக்காரன். அப்படித்தானே நாம் வளர்ந்தோம்?

அங்கிள் தேடி வந்தது ஒரு பழைய லீவர் ரைபிள். கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்கள். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு கைப்பிடி இருக்கும், அதைக் கீழே தள்ளி மேலே இழுப்பார்கள். அதேதான். வின்செஸ்டர் 1894 ரகம், எண்கோணக் குழல், .38-55 தோட்டா. விலை 1,400 டாலர் என்று எழுதியிருந்தது. குழலின் உள்பக்கத்தைப் பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூட்டிப் போயிருக்கிறார். என்னிடம் கைத்தொலைபேசியில் மாட்டும் சின்னக் கேமரா ஒன்று உண்டு, குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது. உள்ளே விட்டேன். திருகுவரிகள் இன்னும் தெளிவாக இருந்தன, வாய்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் துருக்குழிகள். அதைக் காட்டி அங்கிள் பேரம் பேசினார். 1,150க்குப் படிந்தது.

எனக்கு அதிர்ச்சி பிறகுதான். படிவம் இல்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. பணம் கை மாறியது, துப்பாக்கியும் கை மாறியது. பழைய சுவர்க்கடிகாரம் வாங்குவது மாதிரி. ஏன் என்று கேட்டேன். 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டது என்றால், அமெரிக்க மத்திய அரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பழம்பொருள். 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள்ளேயே வராது. வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊர் அருங்காட்சியகத்தில் அந்தத் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. தொடர் எண்ணைக் கொடுத்தால் தேடிக் கடிதம் அனுப்புவார்கள். எங்களுக்கும் வந்தது: 1897.

ஒரு வருஷமும் சில மாதமும் பிந்திப் பிறந்திருந்தால் அதே இரும்பு, அதே மரம், சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி ஆகியிருக்கும். அதன் முன்னால் நிற்கிற உயிருக்கு இந்தக் கணக்கு தெரியுமா?

இந்த இடத்தில் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். இதை வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங், யூட்டா மாநிலத்துக்காரர். லீவரைக் கீழே தள்ளினால் அடித்தட்டே தாழ்கிறது. போல்ட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும் ஒரு தடித்த எஃகுத் துண்டு செங்குத்தாக இறங்குகிறது. பூட்டு விலகியதும் போல்ட் பின்னால் போய், காலித் தோட்டாவை இழுத்து எறிந்து, சுத்தியையும் சாய்த்து வைக்கிறது. லீவரை மேலே இழுத்தால், குழலுக்கு அடியில் வரிசையாகப் படுத்திருக்கும் தோட்டாக்களில் ஒன்று தூக்கப்பட்டு உள்ளே போகிறது. எஃகுத் துண்டு ஏறிப் பூட்டிக்கொள்கிறது. கை ஒரு முறை கீழே, ஒரு முறை மேலே, அவ்வளவுதான். கணினி இல்லை, சிமுலேஷன் இல்லை. காகிதம், அரம், கை. இந்த ரகத்தை 2006 வரை நியூ ஹேவன் ஆலையில் செய்தார்கள், 70 லட்சத்துக்கும் மேல். ஒரு ராத்திரி முழுக்க அதைப் பிரித்து, துடைத்து, மாட்டினோம். இத்தனை வருஷப் படிப்பில் எந்தப் பாடமும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. குழலுக்கும் உடலுக்கும் சேரும் இடத்தில், கையில் தூக்கினால் சரியாகச் சமன்படும் இடத்தில், நீல நிறம் தேய்ந்து வெள்ளிபோல் மின்னியது. யாரோ ஒருவர் பல வருஷம் அந்த இடத்தில் பிடித்து நடந்திருக்கிறார். யார், எதைத் தேடி நடந்தார், தெரியாது.

சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதே வந்துவிட்டது. ஆனால் நான் மாணவர் விசாவில் இருப்பவன். பல்கலைக்கழகத்தில் அனைத்துலக மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். என்னைப் போன்றவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்பது மத்திய சட்டம். துப்பாக்கி பழம்பொருள் என்பதால் தப்பிக்கும். தோட்டா புதுசு, அது தப்பிக்காது. ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வேட்டை உரிமம் இருந்தால் தொடலாம்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். காகிதத்தில் ஓட்டை போட விரும்புகிறவனுக்கு வழி இல்லை. உயிரைக் கொல்ல உரிமம் வாங்கினால், அதைக் காட்டிக் காகிதத்தையும் சுட்டுக்கொள்ளலாம். நான் பாதுகாப்பு வகுப்பு படித்து, பரீட்சை எழுதி, பணம் கட்டி அந்த உரிமத்தை வாங்கினேன். 'சட்டத்துக்காகத்தானே, நான் என்ன வேட்டையா ஆடப் போறேன்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அங்கிளின் நண்பருடைய சோளக் காட்டு ஓரம். பின்னால் உயரமான மண்மேடு. முன்பே மெல்லிய ஈயக்குண்டு ஒன்றைக் குழல் வழியே தட்டித் தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரால் அளந்திருந்தோம். 0.379 அங்குலம். அதற்கேற்ற ஈயக்குண்டும் கருமருந்தும் வைத்து அங்கிளே தோட்டா செய்திருந்தார். அந்தக் காலத்துக் குழலுக்கு இந்தக் காலத்து வேகத் தோட்டா ஆகாது. முதல் வெடி யார் கையிலும் இல்லை. துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, விசையில் கயிறு கட்டி, தள்ளி நின்று இழுத்தோம். ஒன்றும் பிளக்கவில்லை. மூன்றாவது முறை என் தோளில்.

படபடவென்று வெடிக்கும் என்று நினைத்திருந்தேன். அது தள்ளியது. பெரிய மாடு ஒன்று தோளில் சாய்ந்த மாதிரி. முன்னால் வெள்ளைப் புகை, 50 யார் தூரத்துக் காகிதம் மறைந்துபோனது. பிறகு அந்த வாசனை! வெடியுப்பு, கரி, கந்தகம். தீபாவளி காலையில் தாமான் முழுக்க வீசுமே, அதே வாசனை. புகை விலகியதும் காகிதத்தில் ஓர் ஓட்டை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அன்று இருபது தோட்டா சுட்டேன். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், சாயங்காலம் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் குழலைக் கழுவினோம். அதன் பிறகு சனிக்கிழமை என்றாலே அதுதான்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. என் அறையில் ஒரு சின்ன முருகன் படம். அதன் முன் மடிக்கணினி, கால்குலேட்டர், வெர்னியர் எல்லாம் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். அப்பா லோரிக்குப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த படத்தை அனுப்பியிருந்தார். அங்கிள் படியேறி வந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். நமக்குச் சோறு போடுகிற கருவிகளுக்கு நன்றி சொல்கிற நாள், பெயரிலேயே ஆயுதம் இருக்கிறது என்றேன். அவர் கீழே போய் ரைபிளைக் கொண்டு வந்தார். "இதையும் வைக்கலாமா?"

ஒரு நிமிஷம் எனக்குக் கை ஓடவில்லை. ஆயுதத்தைக் கும்பிடுவது நமக்குப் புதிதா என்ன? எங்கள் தாமான் முனீஸ்வரர் கோயிலில் ஆளுயர அரிவாள் நிற்கிறது, எலுமிச்சம்பழம் குத்தி. எத்தனை முறை தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்த அரிவாள் சாமியுடையது, யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கடைசியில் மரக்கட்டையில் ஒரு பொட்டு வைத்தேன். "பூஜையில் வச்சா இன்னைக்கு எடுக்கக்கூடாது அங்கிள்" என்றேன். மத்தியானம் சுடப் போவதாக இருந்தோம். சரி என்று சொல்லி அதை அங்கேயே விட்டுப் போனார். அன்று முழுக்க அது என் அறையில் இருந்தது. நான் படிக்கவே இல்லை. திரும்பித் திரும்பி அதைத்தான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்குப் பிடித்த வாதம் ஒன்று இருந்தது. கருவிக்குப் பாவம் புண்ணியம் கிடையாது, பிடிக்கிற கைக்குத்தான். சான்றும் வைத்திருந்தேன். வெள்ளையர் மேற்கை வென்றதே இந்த வகைத் துப்பாக்கியால்தான் என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் குதிரைப்படை தோற்று அழிந்தபோது, ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடும் துப்பாக்கி வைத்திருந்தது படைவீரர்கள். லகோட்டா, செய்யென் வீரர்களில் பலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. 1983இல் அங்கே புல்வெளி தீப்பிடித்து எரிந்த பிறகு, ஆய்வாளர்கள் நிலத்தைத் துழாவி அந்தத் தோட்டா உறைகளைக் கண்டெடுத்தார்கள். பார், ஆயுதம் யார் பக்கமும் இல்லை என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வேன்.

நவம்பரில் ஒரு மாலை. பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். அறுவடை முடிந்த சோளக் காடு, வெளிச்சம் மங்குகிற நேரம். ஒரு பெண் மான் காட்டு ஓரத்தில் நின்றது. காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. போன வருஷம் இதே இடத்தில் மானைப் பார்த்து, சைக்கிளை நிறுத்தி, தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இந்தத் தடவை என் மனதில் முதலில் வந்தது ஓர் எண்: 80 யார். அடுத்து, காற்று இடமிருந்து. அடுத்து, தோளுக்குப் பின்னால், கொஞ்சம் கீழே.

கையில் துப்பாக்கிகூட இல்லை. வெறும் சைக்கிள் பிடிதான். மான் போன பிறகும் அங்கேயே நின்றேன். உடம்பு சில்லிட்டது குளிரால் மட்டும் இல்லை.

நான் சைவம் கிடையாது. கோழிக் குழம்பு என்றால் இரண்டு தட்டு சாப்பிடுவேன். அங்கிள் ஒவ்வொரு வருஷமும் ஒரு மான் சுடுவார், குளிர்காலம் முழுக்க அந்தக் கறியைச் சாப்பிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் ஒரு தேவைக்காகப் போகிறார், நான் கோழியைக் கடையில் வாங்குகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். என்னைப் பயமுறுத்தியது வேறு. எனக்குப் பசி இல்லை, தேவை இல்லை, விருப்பம்கூட இல்லை. ஆனாலும் என் கண், ஓர் உயிரைப் பார்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. என்னைக் கேட்காமலேயே.

அன்றைக்குத்தான் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் கேட்ட கதை ஞாபகம் வந்தது. வால்மீகி ராமாயணம், ஆரணிய காண்டம். வில்லும் அம்புமாகக் காட்டுக்குள் போகும் ராமனிடம் சீதை சொல்வது. ஒரு முனிவர் தவம் செய்துகொண்டிருந்தார். அதைக் கலைக்க இந்திரன் போர்வீரன் வேடத்தில் வந்து, ஒரு வாளைக் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லிப் போனான். ஒப்படைத்த பொருளாயிற்றே, தொலைந்துவிடக்கூடாதே என்று முனிவர் எங்கே போனாலும் வாளை எடுத்துக்கொண்டே போனார். பழம் பறிக்கப் போனாலும் வாள், கிழங்கு தோண்டப் போனாலும் வாள். நாளாக நாளாக மனம் கொடூரமானது. தவம் போனது, நரகம் போனார்.

வகுப்பில் கேட்டபோது எனக்கு இது அநியாயமாகப் பட்டது. பாவம், அவர் நாணயமாகத்தானே இருந்தார்? இப்போது புரிகிறது. அவர் ஆரம்பித்தது நல்ல குணத்தில்தான், அதனால்தான் சந்தேகமே வரவில்லை. நானும் 'சட்டப்படிதானே', 'பொறியியல் ஆர்வம்தானே', 'பழம்பொருள்தானே' என்றுதான் ஆரம்பித்தேன். ஆயுதம் யார் பக்கமும் இல்லை என்ற என் வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. எதிரே நிற்பவர்களில் அது யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, உண்மை. ஆனால் தன்னைப் பிடித்திருப்பவனை அது சும்மா விடுவதில்லை.

ராமன் பதில் சொல்கிறான். சீதையின் கதை தப்பு என்று அவன் சொல்லவில்லை. துன்பப்படுகிறவர்களின் அழுகுரல் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் வில், தண்டக வனத்து முனிவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், மீற மாட்டேன் என்கிறான். சரி, அது ராமனுக்கு. என்னிடம் அடைக்கலம் கேட்டு எந்த முனிவரும் வரவில்லை. எனக்கு இருந்தது அட்டைப்பெட்டியில் ஒட்டிய காகிதம் ஒன்றுதான்.

இன்னொருவரையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்ப்பள்ளியில் எனக்கு இரண்டு வருஷம் மூத்த அண்ணன். தேவாரப் போட்டியில் பரிசு வாங்கியவர், எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். படிவம் 5 படிக்கும்போது ஒரு நாள் பையைத் திறந்து காட்டினார். துணியில் சுற்றிய பாராங். நான் மிரண்டுபோனேன். "யாரையும் வெட்ட இல்லடா தம்பி. சும்மா, பாதுகாப்புக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதற்கு அடுத்த வருஷம் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் மோட்டார் நிறுத்துவதில் தகராறு. பை இல்லாமல் வந்திருந்தால் இரண்டு குத்து, நாலு கெட்ட வார்த்தையோடு முடிந்திருக்கும். ஒருவருக்குக் கை போனது. அண்ணன் சிறைக்குப் போனார்.

அவரைப் பற்றி ஊரே பேசியபோது நானும் பேசினேன். "புத்தி கெட்டுப் போச்சு" என்றேன். அவர் வைத்திருந்தது சில வெள்ளிப் பாராங், நான் தடவிக்கொண்டிருந்தது 1,150 டாலர் வால்நட் கட்டை. அவரைக் குண்டர் என்பார்கள், என்னை ஆர்வலர் என்பார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நான் மண்மேட்டைத் தவிர எதையும் சுட்டதில்லை, அவர் ஒரு மனிதரை வெட்டினார். ஆனால் அந்த 'சும்மா' என்ற சொல் இருக்கிறதே, அது இரண்டு பேருக்கும் பொது.

மகாபாரதத்தின் கடைசியில் பாண்டவர்கள் எல்லாவற்றையும் துறந்து நடக்கிறார்கள். அரண்மனை இல்லை, நாடு இல்லை. அர்ச்சுனன் மட்டும் காண்டீபத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறான். போர் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. கிருஷ்ணன் போன பிறகு கொள்ளையர்கள் வழிமறித்தபோது, அந்த வில்லில் நாண் ஏற்றவே அவன் திணறியிருக்கிறான். அதற்கு இனி வேலையே இல்லை, அதுவும் ஒரு பழம்பொருள்தான். விலைமதிப்பில்லாத பொருள் என்ற ஆசையால் விடாமல் வைத்திருந்தான் என்கிறது கதை. அக்கினி வந்து வழி மறித்து, வருணனிடம் திருப்பிக் கொடு என்று சொன்ன பிறகுதான் தண்ணீரில் விடுகிறான்.

எனக்கு அக்கினி வரவில்லை. நான் பொறியியல் மாணவன், எனக்குத் தெரிந்தது சோதனை செய்து பார்ப்பதுதான். அங்கிளிடம் மான் விஷயத்தைச் சொன்னேன். "இங்கே வளர்ந்த எல்லாருக்கும் அப்படித்தான் தோணும், அதில் ஒன்னும் இல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீ இங்கே வளர்ந்தவன் இல்லைதான்" என்றார். ஒரு மாதம் அதைத் தொடாமல் இருந்து பார்க்கிறேன் என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. முதல் இரண்டு வாரம் மோசம். விரிவுரை நடக்கும்போது வலது கை மேசைக்கு அடியில் தானாக லீவர் இழுத்தது. மூன்றாவது வாரம் குறைந்தது. போன வாரம் பனியில் நான்கு மான்கள் சாலையைக் கடந்தன. எத்தனை யார் என்று தோன்றவில்லை. தங்கைக்குப் படம் அனுப்பினேன்.

உரிமம் ஜனவரியில் முடிகிறது. நேற்று அங்கிள் மேலே வந்து ஓர் அட்டைப்பெட்டியை மேசையில் வைத்தார். குளிர்காலத்தில் உட்கார்ந்து செய்த தோட்டாக்கள், இருபது. பெட்டியின் மேல் என் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார், என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து. ஓர் எழுத்து தலைகீழாக இருந்தது. "பனி உருகட்டும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கீழே கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். உரிமத்தைப் புதுப்பிக்கும் பக்கத்தை மடிக்கணினியில் திறந்து வைத்திருக்கிறேன். இன்னும் அமுக்கவில்லை. மூடவும் இல்லை.